நான்காவது சத்தம்

செம்பூரில் எங்களுக்குத் தரைத்தள வீடு.
மேல்வீட்டு ஷிரோட்கர் பையன்
கட்டிலிலிருந்து குதிக்கிறான்.
ஒன்று.
பேப்பரை மடித்து வைக்கிறேன்.
இரண்டு. மூன்று.
"என்ன எண்ணுறீங்க?" என்கிறாள் திலகவதி.
அவளுக்கே தெரியும்.

கப்பலில் எனக்கு வானம் கிடையாது.
பறக்கும் தளம் என் தலைக்கு மேல் இரும்புக் கூரை.
அதற்குக் கீழே,
இறக்கையை மடித்து நிற்கும் விமானங்களின் இடுக்கில்
பதினோரு வருஷம்.
அவை பறந்து நான் பார்த்தது சொற்பம்.
கேட்டதுதான் அதிகம்.
ஆவி சீறினால் ஒன்று போயிற்று.
தொம்மென்று கூரை அதிர்ந்து
கம்பி இழுபடும் முனகல் கேட்டால்
ஒன்று வந்தாயிற்று.
போனதில் வந்ததைக் கழித்தபடியே
கை தன்பாட்டில் திருகிக்கொண்டிருக்கும்.

உப்பு.
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.
எங்களுக்கு ஆளுக்கு அரை வாளி,
விமானத்துக்கோ நல்ல தண்ணீரில் முழுக்குளியல்.
வயிற்றுத் தகட்டிலிருந்து வழிவதை
முகத்தில் ஏந்தியிருக்கிறேன்,
மண்ணெண்ணெய் மணக்க மணக்க.
இங்கே காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர்,
நாற்பது நிமிஷம்.
இன்றும் எனக்கு அரை வாளி போதும்.

எழுபத்தாறு, பிப்ரவரி, ஒரு சாயங்காலம்.
நான்கு சீ ஹாக் ஏறின.
தொம்.
தொம்.
தொம்.
பிறகு வெறும் கடல்.

நான்காவது லெப்டினன்ட் கத்ராக்குடையது.
படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்;
அதன் கீழே அவர் போட்டார்,
படித்துக்கூடப் பார்க்காமல்.
இடது பக்கப் பலகைக்குள் ஒரு நட்டு.
நட்டுக்குக் குறுக்கே ஒரு பின், தீக்குச்சிப் பருமன்.
அதன் இரண்டு காலையும் அகட்டி மடக்க வேண்டும்.
மடக்கினேனா?

ஹேங்கருக்குச் சேதி எப்போதும் கடைசியில்தான் வரும்.
தட்டில் பருப்பு ஆறி ஆடை கட்டியது.
நெருப்பே கூடாத இடத்தில்
பிஷ்ட் தன் பீடியைப் பற்றவைக்காமல்
என் உதட்டில் செருகிவிட்டுப் போனான்.
கண்ணை மூடி
அந்த விமானம் முழுவதையும் பிரித்து மாட்டினேன்,
மூன்று தடவை, நான்கு தடவை.
அந்தப் பின்னுக்கு வரும்போதெல்லாம்
விரல்களுக்கு ஞாபகம் இல்லை.

எரிபொருள் குறைந்து
தபோலிமில் இறங்கியிருந்தார் மனுஷன்.
மெஸ்ஸில் வஞ்சிரம் சாப்பிட்டாராம்.
மறுநாள் பத்து மணிக்குத் தொம்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
நான் பலகையைத் திறந்தேன்.
பின் இருந்தது.
ஒரு கால் மடங்கியிருந்தது,
மற்றது நேராக.
குறட்டால் மடக்கினேன். மூடினேன்.
கையெழுத்துப் போட்டேன்.

போன ஞாயிறு, தாதர் பார்சி காலனி.
மூன்றாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை.
கத்ராக் சார் புதினா போட்ட டீ கொடுத்தார்.
எனக்குத் தெரியாத அத்தனை வானமும்
அவரிடம் இருந்தது.
மேகத்துக்கு மேலே வரும் இரண்டாவது சூரியாஸ்தமனம்,
திரும்பிப் பார்த்தால்
கப்பல் ஒரு தபால்தலை.
அந்த ராத்திரியா? மீன் ஞாபகமிருக்கிறது என்றார்.

சொன்னேன்.
இந்தியில் சொன்னேன்.
தமிழில் என்றால் முடித்திருக்க மாட்டேன்.
அவர் ஸ்பூன் நின்றது.
"எந்தப் பக்கம்?"
"இடது."
தன் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
யாருடைய கையோ மாதிரி.
பிறகு சர்க்கரை டப்பாவை
என் பக்கம் நகர்த்தினார்.
எனக்குச் சர்க்கரை ஆகாது.
இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்தேன்.

மேலே சத்தமில்லை.
தூங்கியிருப்பான் பையன்.
திலகவதி விளக்கை அணைக்கிறாள்.
"வாங்க, படுங்க."
இதோ, என்கிறேன்,
கூரையைப் பார்த்தபடி.